மணமகனுக்கு ஒரு டை

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ஆடைக்குப் பாதிப் பங்கு கொடுத்த அப்பெரியோர், அந்தப் பாதியிலே கழுத்தில் தொங்கும் மூன்று முழத் துணிக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலே திருமணம் பேசி முடிந்ததும், ஓலை வாசிப்பது என்றைக்கு, பூசை எத்தனை மணிக்கு, பந்தியில் எத்தனை பேர் என்னும் கேள்விகளோடு இந்தச் சிறு கேள்வியும் எழுந்துவிடுகிறது. மாப்பிள்ளை டை கட்டுவாரா? கட்டினால் எந்த டை?

அற்பமான கேள்வி என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் கெடார்ப் பகுதியில் வாழும் எங்கள் குடும்பத்தில் மூத்த மகனுக்கு மணம் பேசியபோது, இந்த ஒரு துணியைச் சுற்றி நான்கு நாள்கள் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சிலே திருச்சபையின் வரலாறு வந்தது. நாட்டின் வரலாறு வந்தது. ஏழையின் மானம் வந்தது. கடைசியிலே கடனும் வட்டியும் வந்தன. நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் இதே பேச்சு நடந்திருக்கும், இனியும் நடக்கும். ஆகவே நாங்கள் எண்ணிப் பார்த்தவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மகன் சென்னையிலே வேலை பார்ப்பவன். உடன் வேலை செய்வோரின் திருமணங்களுக்குப் போய்வந்து, தானும் கோட்டு சூட்டு அணிந்து டை கட்டவேண்டும் என்று ஆசைப்பட்டான். அவனுடைய தாய்மாமனோ ஓய்வு பெற்ற தமிழாசிரியர். “மருமகனே, மே மாத வெயிலில் நம் விழுப்புரம் மண்ணிலே கோட்டுப் போட்டு நிற்பவனைப் பார்த்தால், மணமகனா, ஆவியில் வேகும் இட்டலியா என்று தெரியாது. பட்டு வேட்டி கட்டு, அதுதான் நமக்கு அழகு” என்றார். எண்பதைக் கடந்த எங்கள் தந்தையார் திண்ணையில் அமர்ந்து இரு தரப்பையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

டை வந்த வழி

வெள்ளைக்காரன் உடை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் டை பிறந்தது அரசவையில் அன்று, போர்க்களத்தில். 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைச் சுட்டெரித்த முப்பதாண்டுப் போரிலே, குரோஷியா நாட்டுப் போர்வீரர்கள் பிரான்சின் படையில் கூலிக்குப் பணியாற்றினார்கள். அவர்கள் கழுத்தைச் சுற்றி ஒரு துணியை முடிந்திருந்தார்கள். அது பிரெஞ்சு மக்களின் கண்ணைக் கவர்ந்தது. குரோவாத் என்னும் அம்மக்களின் பெயரே திரிந்து, பிரெஞ்சு மொழியிலே கழுத்துத் துணிக்கு ‘கிராவாத்’ என்னும் பெயராயிற்று. பதினான்காம் லூயி மன்னரின் அரண்மனையில் அது சரிகையும் பூவேலையும் பெற்றது. அங்கிருந்து இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் பரவியது. கத்தோலிக்க நாடாகிய குரோஷியா இன்றும் அக்டோபர் 18-ஆம் நாளை டை நாளாகக் கொண்டாடுகிறது. 2003-இல் அந்நாட்டின் பூலா நகரில் உள்ள பழைய உரோமை வட்டரங்கைச் சுற்றி மாபெரும் சிவப்பு டை ஒன்றைக் கட்டி மகிழ்ந்தார்கள்.

இன்று நாம் காணும் நீண்ட டை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே உருவெடுத்தது. 1920-களிலே நியூயார்க்கைச் சேர்ந்த ஜெசி லாங்ஸ்டார்ஃப் என்னும் தொழிலாளர், துணியை நேராக வெட்டாமல் மூலைவாட்டமாக வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறையைக் கண்டார். அதனாலேதான் டை முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்குகிறது. இழுத்து முடிந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. கூலிப் படையாளின் கழுத்துத் துணி, தையற்காரரின் கைத்திறனால் இன்றைய வடிவம் பெற்றது. இதை அறிந்தபோது, டை என்பது ஆண்டைகளின் சொத்து என்னும் எண்ணம் எங்களுக்குச் சற்றே தளர்ந்தது.

காவி உடுத்த குருவானவர்

மாமாவின் பேச்சை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர் தத்துவ போதகரை எடுத்துக்காட்டினார். இத்தாலி நாட்டு உயர்குடியிலே 1577-இல் பிறந்த இராபர்ட் தெ நோபிலி அடிகளார் 1606-இல் மதுரைக்கு வந்தார். அங்கே கிறிஸ்தவ மறை என்றால் ‘பரங்கி மார்க்கம்’ என்று மக்கள் விலகி நின்றதைக் கண்டார். பரங்கியின் உடையும் உணவும் பழக்கமும் நற்செய்திக்குத் திரையாகிவிட்டதை உணர்ந்தார். கறுப்பு அங்கியையும் தோல் காலணியையும் நீக்கினார், காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், மரக்கறி உணவையே உண்டார். தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். இது முறைதானா என்று உரோமாபுரி வரை வழக்குப் போயிற்று. 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், குடுமி, பூணூல், சந்தனம் போன்ற நாட்டு வழக்கங்களை, மூடநம்பிக்கை கலவாத அளவில், கிறிஸ்தவர்கள் கைக்கொள்ளலாம் என்று இசைவளித்தார்.

அடுத்த நூற்றாண்டிலே வந்த வீரமாமுனிவரைப் பற்றி நம் மறைமாவட்டத்து மக்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கோணான்குப்பத்துப் பெரியநாயகி அன்னையைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்திலே நமக்குத் தந்தவர் அவர். அன்னையே சேலை உடுத்தி நிற்கும்போது மாப்பிள்ளைக்கு எதற்குக் கோட்டு என்று மாமா கேட்டார். நியாயமான கேள்வி.

1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளிவந்த திருவழிபாடு பற்றிய வத்திக்கான் சங்க ஏடும் இதே மனப்பான்மையோடுதான் பேசுகிறது. விசுவாசத்துக்கோ பொது நன்மைக்கோ இடையூறு இல்லாத காரியங்களில் ஒரே அச்சில் வார்த்த முறையைத் திணிக்கத் திருச்சபை விரும்பவில்லை என்பது அதன் கருத்து. திருமணச் சடங்கைப் பற்றிப் பேசும்போதும், அந்தந்த நாட்டின் பாராட்டத்தக்க வழக்கங்களைக் காத்துக்கொள்ள அது இடம் தருகிறது. ஆகவே வேட்டி கட்டி மணமேடைக்கு வரும் கத்தோலிக்க இளைஞன் எவ்விதத்திலும் குறைந்தவன் அல்லன். அவனைப் பார்த்து ‘இந்து மாப்பிள்ளை போல் இருக்கிறான்’ என்று முணுமுணுப்பவர்கள், சேலை உடுத்திய அன்னையை ஒருமுறை போய்ப் பார்த்துவரட்டும்.

திண்ணையிலிருந்து ஒரு குரல்

இரண்டாம் நாள் மாலையிலே எங்கள் தந்தையார் வாய் திறந்தார். அவர் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். மல்லாட்டை பிடுங்கியும் கரும்பு வெட்டியும் எங்களை வளர்த்தவர்.

“வாத்தியார் தம்பி, நீங்கள் சொல்வது நல்ல பேச்சுத்தான். வேட்டி நம்முடையது என்கிறீர்கள். என் வாலிபத்தில் அந்த வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் கட்ட எங்களை விட்டார்களா? பெரிய தெருவைக் கடக்கும்போது தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போய்விடும். காலில் கிடந்த செருப்பு கைக்கு வந்துவிடும். என் பேரன் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு, டை கட்டி, கோவில் நடுவழியாக நடந்து வருவதை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்” என்றார்.

மாமா பதில் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்த முதியவர் சொன்னது ஒரு வீட்டுக் கதை மட்டும் அன்று. நமக்கு அருகிலுள்ள புதுவையிலேயே சான்று இருக்கிறது. 1873-இல் பொன்னுத்தம்பி என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பிய முறையில் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்குள் சென்றார். இந்தியர் அவ்வாறு வரலாகாது என்று அவரைத் தடுத்தார்கள். அவர் தலைகுனிந்து திரும்பவில்லை. பாரிசிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி வென்றார். தெற்கே திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட குலங்களைச் சேர்ந்த பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதற்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859-இல்தான் அரசு இறங்கிவந்து ஆணை பிறப்பித்தது. நம் கோவில்களிலும் ஒரு காலத்தில் சாதிக்கு ஒரு பக்கம் இருந்தது. ‘கோவில் நடுவழியாக’ என்று எங்கள் தந்தையார் அழுத்திச் சொன்னதன் பொருள், அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு விளங்கும்.

நம் பக்கத்து ஊர்களில் பேருந்து நிறுத்தங்களின் அருகே அண்ணல் அம்பேத்கரின் சிலைகளைக் காண்கிறோம். பல ஊர்களில் அவர் கம்பிக் கூண்டுக்குள்ளே நிற்கிறார். நீல நிறக் கோட்டு, கழுத்திலே டை, கையிலே நூல். அந்த டையை யாரும் அலங்காரம் என்று கொள்வதில்லை. ‘உனக்கு இது தகாது’ என்று சொன்ன உலகுக்கு அவர் அளித்த மறுமொழி அது.

மற்றொரு பெரியவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள், ஆயத்தமாக முடிந்து விற்கும் டையை அணிவது மரியாதை ஆகாது என்று கேட்டுத் தாமே முடிச்சுப் போடக் கற்றார். பெரிய நிலைக்கண்ணாடியின் முன் நின்று டையைச் சரிசெய்வதிலும் தலை வாருவதிலும் நாள்தோறும் பத்து நிமிடம் செலவிட்டதைத் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். அதே காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22-ஆம் நாள் நம் மதுரையிலே, ஏழைக் குடியானவரின் அரையாடையை ஏற்றுக்கொண்டார். ஒருவர் டையைக் களைந்தார். மற்றவர் டையை அணிந்தார். இருவரும் ஏழையின் பக்கமே நின்றார்கள். உடையிலே ஒரே சரியான விடை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

வேட்டிக்கும் தலைக்குனிவு நேர்ந்தது உண்டு. 2014 ஜூலையில் சென்னையில் ஒரு சங்கத்தின் மாளிகையில் நடந்த விழாவுக்கு வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதியையே வாயிலில் தடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம், வேட்டி போன்ற நம் மரபு உடையைக் காரணம் காட்டி எவரையும் இத்தகைய இடங்களில் தடுக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. 1873-இல் காலணிக்காகத் தடை. 2014-இல் வேட்டிக்காகத் தடை. வாயில் காப்போர் மாறினார்கள். தடுக்கும் மனம் மாறவில்லை. வேட்டியோ கோட்டோ, இன்னொருவனைத் தாழ்த்த அதைப் பயன்படுத்தும் மனமே பழிக்கத்தக்கது.

யார் செலவில்?

இவ்வாறு பேசிப் பேசி, காலையில் கோவிலுக்குத் தாத்தாவின் விருப்பப்படி கோட்டும் டையும், மாலை வரவேற்புக்கு மாமாவின் விருப்பப்படி பட்டு வேட்டியும் என்று முடிவாயிற்று. அதோடு காரியம் தீர்ந்தது என்று எண்ணியிருந்தோம். மூன்றாம் நாள் பெண்ணின் தந்தையார் வந்தார்.

நம் பக்கத்துத் திருமணங்களில் மாப்பிள்ளையின் கோட்டு, சூட்டு, டை, காலணி அனைத்தும் பெண் வீட்டார் எடுத்துத் தருவது என்று ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. சீர்வரிசையின் பட்டியலிலே ‘மாப்பிள்ளை டிரஸ்’ என்று ஒரு வரி. அதன் எதிரே ஒரு தொகை. முகையூர்ப் பக்கத்திலே கொஞ்சம் நிலத்தை வைத்துக்கொண்டு, பருவத்தில் முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு வெட்டப்போகும் அந்த நல்ல மனிதர், “சம்பந்தி, மாப்பிள்ளைக்குப் புதுவை நேரு வீதியிலேயே எடுத்துவிடலாம், ஊர் மெச்ச இருக்கட்டும்” என்றார். அவர் முகத்திலே மகிழ்ச்சி இருந்தது. ஆனால் மகிழ்ச்சியின் பின்னே ஒரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கிலே, இளைய மகளின் கம்மலை அடகு வைக்கப்போவதாக உடன் வந்த பெண்மணி சொல்லிவிட்டார்.

மகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்து, “மாமா, நான் கட்டப்போகும் டைக்குச் சின்னப் பெண்ணின் காது வெறுமையாக வேண்டாம். என் சம்பளத்தில் நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றான். அவர் மறுத்தார்; வழக்கம் என்றார்; ஊரார் என்ன சொல்வார்கள் என்றார். “சம்பந்தி, பெண்ணைத் தருகிறீர்கள். அதைவிடப் பெரியது என்ன இருக்கிறது?” என்று நாங்களும் சொன்னோம். நெடுநேரம் கழித்தே அவர் இசைந்தார். போகும்போது எங்கள் தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

வரதட்சணையைத் தடைசெய்யும் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. ஆயினும் நாம் கேட்கவில்லை, அவர்களாகவே தருகிறார்கள் என்னும் போர்வையில் எத்தனை சுமைகள் பெண்ணைப் பெற்றவரின் தோளில் ஏறுகின்றன! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ என்னும் திருத்தூது ஊக்கவுரையிலே மணமக்களுக்குத் தந்தைக்குரிய பரிவோடு இதே அறிவுரையைக் கூறுகிறார். அழைப்பிதழ், உடை, விருந்து என்று அலைந்து பணமும் மனமும் களைத்துத் திருமணத்துக்கு வந்து சேராதீர்கள். வேறுபட்டு நிற்கும் துணிவு கொள்ளுங்கள். எளிமையான கொண்டாட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அன்பு முதலிடம் பெறட்டும் என்பது அவ்வுரையின் சாரம். உரோமையிலிருந்து வந்த அந்தச் சொல் நம் கெடார்ச் சீமைக்கும் பொருந்தவே செய்கிறது.

எந்த டை?

இனி, டை கட்டுவது என்று முடிவு செய்த குடும்பங்களுக்கு, விழுப்புரத்திலும் புதுவையிலும் கடை ஏறி இறங்கி நாங்கள் கற்றவற்றைச் சொல்கிறோம்.

டையைத் தேர்ந்தெடுக்குமுன் சூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கறுப்பு நிறத்தையே பலரும் நாடுகிறார்கள். வெயிலை மிகுதியாக உறிஞ்சுவது கறுப்பு. ஆழ்ந்த நீலமோ சாம்பல் நிறமோ நம் நாட்டு மாநிறத்துக்கு நன்றாகப் பொருந்தும். திருமணத்தோடு பெட்டிக்குள் போய்விடாமல், பாஸ்குத் திருவிழாவுக்கும் உடன்பிறந்தாரின் திருமணத்துக்கும் அலுவலகத்துக்கும் உதவும். பளபளக்கும் துணி வேண்டாம். மெல்லிய, காற்றோட்டமுள்ள துணியே மே மாதத்துக்கு ஏற்றது. வாடகைக்குக் கிடைக்கும் சூட்டும் உண்டு. அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் தோள் பொருந்துகிறதா என்று முந்திய வாரமே போட்டுப் பார்த்துவிட வேண்டும். இடுப்பைத் தையற்காரர் பிடித்துத் தருவார். தோளைத் திருத்துவது கடினம்.

சட்டை வெண்மையாக இருக்கட்டும். டை சட்டையைவிட ஆழ்ந்த நிறமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒரே நிறத்தில் வெற்றாக நெய்ததோ சிறு புள்ளிகள் இட்டதோ எந்த முகத்துக்கும் பொருந்தும். பெரிய பூக்களும் கேலிச் சித்திரங்களும் திருமணப் படத்தில் இருபது ஆண்டுகளுக்குப் பின் நகைப்புக்கு இடமாகும். சாய்வுக் கோடுகள் இட்ட டைகள் சில இங்கிலாந்திலே குறிப்பிட்ட படைப்பிரிவுகளுக்கும் கல்லூரிகளுக்கும் உரியவை. நம் ஊரில் அதனால் தீங்கில்லை. வெற்றுக் கறுப்பு டையை மேலை நாட்டார் துக்கத்துக்கு அணிவதுண்டு. அதைத் தவிர்ப்பது நலம்.

மணமகளின் சேலையோடு டை பொருந்த வேண்டும் என்று இன்றைய இளைஞர் விரும்புகிறார்கள். விரும்பட்டும். ஆனால் சேலையின் நிறத்தையே அப்படியே டையில் தேடினால், ஒரே துணியை வெட்டி இருவருக்கும் தைத்ததுபோல் ஆகிவிடும். சேலையின் கரையில் ஓடும் ஒரு நிறத்தை எடுத்துக்கொண்டால் போதும். மணமகளின் வெண்பட்டில் அரக்கு நிறக் கரை இருந்தது. அரக்கு நிற டை எடுத்தோம். ரவிக்கைத் துணியில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய், கடையின் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்தோம். குழல்விளக்கின் கீழே அரக்கு கருஞ்சிவப்பாகவும், நீலம் கறுப்பாகவும் மயக்கும்.

பட்டு டையா, செயற்கை இழையா? பட்டின் முடிச்சு அழகாக விழும், ஐயமில்லை. ஆனால் நம் திருமணங்களின் இயல்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாசலிலே பன்னீர் தெளிக்கிறார்கள், நெற்றியில் இட்ட சந்தனம் வழிகிறது, நீர் தெளித்த ரோசா மாலை மார்பின்மேல் அழுந்திக் கிடக்கிறது, போதாக்குறைக்கு வியர்வை. பட்டின்மேல் விழுந்த நீர்க்கறை எளிதில் போகாது. ஆகவே குறைந்த விலையிலுள்ள நல்ல செயற்கை இழை டையை நாங்கள் எடுத்தோம். திருப்பலி நேரத்தில் மாலையைக் கழற்றி வைத்துவிட்டால் டைக்கும் நல்லது, முழந்தாளிடவும் எளிது.

அகலம் கோட்டின் மார்பு மடிப்புக்கு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். மெலிந்த உடலுக்கு மிக அகலமான டை பொருந்தாது. நீளம் எவ்வளவு? முடிந்தபின் கூர்நுனி இடுப்பு வாரின் கொக்கியைத் தொட வேண்டும். அதற்கு மேலே நின்றால் பள்ளிச் சிறுவன் போலவும், கீழே இறங்கினால் அண்ணன் டையைத் தம்பி கட்டியது போலவும் தோன்றும்.

முடிச்சுகளில் பல வகை உண்டு. எளியது இது. அகலமான முனையை வலப்பக்கம் நீளமாகத் தொங்கவிடுங்கள். அதைக் குறுகிய முனையின் மேலாக இடப்பக்கம் கொண்டுபோய், பின்புறமாகச் சுற்றி, மீண்டும் முன்புறமாகக் கொண்டுவாருங்கள். பிறகு கழுத்தருகே உள்ள சந்தின் வழியாகக் கீழிருந்து மேலே எடுத்து, முன்புறம் உண்டான வளையத்துக்குள் நுழைத்துக் கீழே இழுங்கள். குறுகிய முனையைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே தள்ளுங்கள். முடிச்சின் கீழே விரலால் ஒரு சிறு குழி விழச்செய்தால் அழகு கூடும். விண்ட்சர் முடிச்சு என்பது இதைவிடப் பருமனானது; அகன்ற காலர் உள்ள சட்டைக்கு ஏற்றது. மகன் கைப்பேசியில் காணொளி பார்த்துக் கற்க முயன்றபோது இடம் வலமாகிக் குழம்பினான். விழுப்புரத்துத் தையற்காரர் ஒருவர் அவன் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியைப் பார்த்தவாறே அவன் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் முறையில் முடிச்சு படிந்தது. ஆங்கிலப் பள்ளிக் குழந்தைகளுக்கு மாட்டிவிடும் இழுவைப் பட்டி டையும் கடைகளில் கிடைக்கிறது, அவசரத்துக்கு உதவும். எனினும் வாழ்நாளில் ஒருமுறை வரும் நாளுக்கு, தன் கையால் முடிச்சுப் போடக் கற்பது ஒரு சிறு பெருமைதான்.

சிறு குறிப்புகள் இரண்டு. கோட்டின் அடிப் பொத்தானைப் போடுவதில்லை. உட்காரும்போது மேல் பொத்தானையும் கழற்றிவிட வேண்டும். திருமணம் முடிந்ததும் டையைத் தலை வழியாக இழுத்தெறியாமல், போட்ட முறைக்கு எதிர்முறையில் அவிழ்த்துச் சுருட்டி வைத்தால், தம்பிமாரின் திருமணத்துக்கும் அது உழைக்கும்.

இரண்டு முடிச்சுகள்

மணமகனின் கழுத்திலே ஒரு முடிச்சு இருக்கும் அதே வேளையில், மணமகளின் கழுத்திலே அவன் கையால் வேறொரு முடிச்சு விழுகிறது. தாலியின் முடிச்சு. அதற்கும் நம் மறைமாவட்டத்து மண்ணிலே ஒரு வரலாறு உண்டு. 1703-இல் புதுவைக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் ஆண்டகை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியலாகாது என்று விதித்தார். சிலுவையோ, ஆண்டவர் அல்லது அன்னையின் உருவமோ பொறித்த தாலிக்கு இடம் தந்தார். இன்று நம் குருவானவர்கள் தாலியை மந்திரித்துத் தருவதைக் காண்கிறோம். தமிழரின் தாலி சிலுவை ஏந்தி நிற்கிறது. குரோஷியரின் கழுத்துத் துணி தமிழனின் மார்பில் தொங்குகிறது. திருச்சபையின் இல்லத்திலே இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

ஆயினும் டையும் திருமணத்தை ஆக்குவதில்லை, தாலியும் ஆக்குவதில்லை. மணமக்கள் மனமுவந்து ஒருவருக்கொருவர் கொடுக்கும் சம்மதமே திருமணம். இத்திருவருட்சாதனத்தை வழங்குவோர் மணமக்களே. குருவானவர் திருச்சபையின் பெயரால் அச்சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். இருவர் சாட்சி நிற்கின்றனர். அந்தச் சம்மதத்துக்கு வேட்டி வேண்டும் என்றோ கோட்டு வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் இல்லை.

நற்செய்தியிலே அரசனின் திருமண விருந்துக்கு வந்த ஒருவன், திருமண உடை இல்லாமல் வந்ததற்காக வெளியே தள்ளப்பட்டதாக நம் ஆண்டவர் ஓர் உவமை சொன்னார். தெருவிலிருந்து அழைத்துவரப்பட்ட ஏழையிடம் உடை கேட்பது நியாயமா என்று நமக்குத் தோன்றும். பெரிய கிரகோரியார் என்று நாம் அழைக்கும் புனித பாப்பரசர் அதற்கு விளக்கம் தருகிறார். அந்தத் திருமண உடை அன்பு என்கிறார் அவர். கொலோசை நகரத்தாருக்கு எழுதிய புனித சின்னப்பரும் இரக்கம், பரிவு, தாழ்மை, பொறுமை ஆகிய ஆடைகளை அணியச் சொல்லிவிட்டு, அவை அனைத்தையும் சேர்த்துக் கட்டும் கட்டாக அன்பையே மேலே அணியச் சொல்கிறார்.

அந்த அன்பு எத்தகைய சிறு காரியங்களில் வெளிப்படுகிறது என்பதைத்தான் நாங்கள் கண்டோம். திண்ணையில் இருந்த ஒரு முதியவரின் நெடுநாள் ஏக்கத்துக்குச் செவிசாய்ப்பது அன்பு. தன் கொள்கையை விட்டுக்கொடாமலே மற்றவரின் காயத்தைக் கண்டு மௌனமாவது அன்பு. பெண்ணைப் பெற்றவரின் கடன் சுமையைத் தன் மகிழ்ச்சிக்கு விலையாக்க மறுப்பது அன்பு. இவை இருந்தால் கதர் வேட்டியும் திருமண உடையே. இல்லையென்றால் எத்துணை உயர்ந்த பட்டு டையும் வெறும் மூன்று முழத் துணியே.

ஆகவே, திருமண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே, மாப்பிள்ளை என்ன உடுத்துவது என்று பேச அமரும்போது, நிறத்தைப் பற்றியும் முடிச்சைப் பற்றியும் தாராளமாகப் பேசுங்கள். அதற்கு முன், அது யாருடைய காசு என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். டையின் முடிச்சு அன்று மாலையே அவிழ்ந்துவிடும். ஆண்டவர் சந்நிதியில் இருவர் போட்டுக்கொண்ட முடிச்சு சாகுமட்டும் அவிழாமல் நிற்க வேண்டும். அது ஒருவர் கண்ணீரில் நனைந்த நூலாக இல்லாதிருக்கட்டும்.